கறையற்ற முதுமை

அறக்கட்டளைத் தலைவர் வருகிறார் என்றால் அந்த முதியோர் இல்லத்தில் முதலில் மூச்சு வாங்குவது சலவை அறைதான். விரிப்பு, திரைச்சீலை, மேசைத்துணி என்று கண்ணில் பட்ட துணியெல்லாம் கீழ்த்தளத்துக்கு இறங்கிவரும். வெளுத்து, மடிந்து, மேலே ஏறும். தலைவர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அத்தனையையும் உருவி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய விரிப்புகளையே மறுபடி விரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் முதியவர்கள் பயமில்லாமல் படுப்பார்கள்.

சலவை இயந்திரங்களை ஓட்டியவளுக்குப் பெரியவள் என்று பேர். துணி தேய்த்து மடித்தவளுக்குச் சின்னவள் என்று பேர். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் குடியிருந்த ஓரகத்திகள். வீட்டில் கூப்பிட்டபடியே இல்லத்திலும் கூப்பிட்டார்கள். சின்னவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். நிர்வாகியின் அறை வாசலில் கால் கடுக்க நின்று வாங்கிக் கொடுத்தாள். அதற்கு நன்றி சொல் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தானாக வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை என்பதைத் தினமும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவாள்.

அன்று தலைவர் புதிய வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வரிசையாக நின்ற முதியவர்களின் கையைக் குலுக்கிக்கொண்டே போனவர், ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவரின் முன்னால் வந்து நின்றார். தையல்காரருக்கு மூட்டுவலி. விழித்திருக்கும் நேரமெல்லாம் முழங்காலுக்கு வலித்தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பார். தேய்த்த கையைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. தலைவரின் சட்டைப்பையைப் பிடித்துத் துணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

"துணி அருமையான துணிங்க. பொத்தானுக்குக் காஜா எடுத்தவன்தான் அவசரக்காரன்."

கையை எடுத்தபோது பைமேல் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய் பளபளத்தது. புகைப்படக்காரர் அதைத்தான் படம் எடுத்தார்.

சட்டையை நிர்வாகி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடிவந்தார். பெரியவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, தட்டினாள். பாத்திரம் கழுவும் சோப்பை விரலால் தேய்த்து ஊறவிட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசினாள். சின்னவள் தேய்த்து மடித்தாள். தேய்ப்பது கடைசி வேலை. கடைசி வேலை செய்தவள் கையில்தான் சட்டை இருக்கும். ஆகவே மேலே எடுத்துப் போனது சின்னவள்.

திரும்பும் வழியில், பேருந்தில், நடந்ததை அவளே சொன்னாள். தலைவர் உள்பனியனோடு உட்கார்ந்திருந்தாராம். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்படிம்மா போச்சு என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"கறை துணியில இல்ல சார், நாம அதைப் பாக்கற விதத்துலதான் இருக்குன்னு சொன்னேன்."

பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க அக்கா சோப்பு போட்டாங்கன்னு சொல்ல வேண்டியதுதானேடி?"

"அதைச் சொல்லத்தான் அக்கா வாயத் தெறந்தேன். வேற வந்துடுச்சு."

அந்த வாரமே இல்லத்தின் கூடத்தில் 'கறையற்ற முதுமை' என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. தலைவர் நீண்ட உரை ஆற்றினார்.

"முதுமையை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அது துணியில் படுவதைத் தடுக்கலாம். நன்கொடை கொடுக்க வருகிறவர்கள் இங்கே எதைப் பார்க்கிறார்கள்? முதியவர்களையா? இல்லை. முதியவர்களை யார் பார்ப்பார்கள்? துணியைத்தான் பார்க்கிறார்கள். உள்ளதைச் சொல்வதென்றால், நானும் அதைத்தான் பார்க்கிறேன்."

நிர்வாகி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அதே மேடையில் சின்னவள் இல்லத்தின் கறை ஒருங்கிணைப்பாளராக அறிவிக்கப்பட்டாள். பழுதான சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, அவள் பதவியை எழுதிய பலகையை மாட்டினார்கள். சுழல் நாற்காலி போட்டார்கள். நீல நாடாவில் கோத்த பூதக்கண்ணாடி ஒன்றைத் தலைவரே அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். பெரியவள் கடைசி வரிசையில் நின்றாள். கூடத்தில் இருந்த நாற்காலிகளெல்லாம் முதியவர்களுக்கே போதவில்லை.

வீட்டில் கொழுந்தன் அந்தப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து, தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காட்டினான். பெரியவளின் கணவன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"நீயும் அந்த நேரத்துல நாலு வார்த்தை நல்லதா பேசியிருக்கலாமில்ல?"

"சட்டையைத் தோய்ச்சதே நான்தான்யா."

"தோய்க்கறதை எல்லாரும்தான் தோய்க்கறாங்க. சரி சரி, அவ களைச்சுப்போய் வந்திருக்கா. இன்னிக்கு நீயே சமையலைப் பாத்துடு."

பெரியவள் சமைத்தாள். உப்புக் கூடிப்போனது. சின்னவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பதவி வந்தவள் இப்படிப் பெருந்தன்மையாகச் சாப்பிட்டது பெரியவளின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

மறுநாளிலிருந்து இல்லத்தில் உறுதிமொழி தொடங்கியது. காலை உணவுக்கு முன்னால் முதியவர்கள் எல்லாரும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து, "கறை படியேன், படிய விடேன், படிந்தால் மறையேன்" என்று சொல்ல வேண்டும். காது கேளாத ஒருவர் தினமும் கைக்குட்டைக்குப் பதிலாகக் கரண்டியைத் தூக்கினார். ஒழுங்கு நடவடிக்கையாக அவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். அவர் கையால் சாப்பிட்டு, கையைச் சட்டையில் துடைத்தார்.

அடுத்து ஒரு விதி வந்தது. ஒருங்கிணைப்பாளர் நேரில் பார்த்து, இது கறைதான் என்று உறுதி செய்யும்வரை சலவை அறையில் யாரும் எந்தக் கறையையும் நீக்கக் கூடாது. உறுதி செய்யப்பட்ட கறை மூன்று வகைப்படும்: அறியாமைக் கறை, அலட்சியக் கறை, அடங்காமைக் கறை. ஆகவே பெரியவள் எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைத்துக்கொண்டு, சின்னவள் படியிறங்கி வருவதற்காகக் காத்திருந்தாள். சின்னவளுக்குக் கூட்டங்கள் அதிகம். அவள் வருவதற்குள் எண்ணெய் நூலோடு நூலாக இறங்கிப்போயிருக்கும்.

வந்தால் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் வைத்து, தலையணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"தலைக்கு வெச்ச எண்ணெய்டி அது. மோந்து பாத்தாலே தெரியுதே."

"எண்ணெய்ங்கறது வெறும் பொருள் அக்கா. கறைக்குக் காரணம் மனசு. இது அலட்சியம்."

சிரிக்கிறாளா என்று பெரியவள் அவள் முகத்தையே பார்த்தாள். சிரிக்கவில்லை. நடிப்பாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசையாக இருந்தது. அதைக் கேட்டுவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கறையை அதன் வேரிலேயே ஒழிப்பது என்று பிறகு முடிவானது. சமையலறையில் எண்ணெய் நிறுத்தப்பட்டது. காய்கள் வெறும் நீரில் வெந்து, சாம்பல் நிறத்தில் தட்டுக்கு வந்தன. தலைக்கு வைக்கும் எண்ணெய், வெடிப்புக்குப் பூசும் களிம்பு, வலித்தைலம் எல்லாம் பறிமுதலாகி நிர்வாகியின் இரும்புப் பெட்டிக்குள் போயின. தையல்காரர் தன் தைலப்புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தர மறுத்தார்.

நிர்வாகி பொறுமையாக விளக்கினார். "பெரியவரே, நல்லா புரிஞ்சுக்கங்க. உங்க மூட்டுவலி உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிடவே மாட்டோம். ஆனா துண்டு அறக்கட்டளையோட சொத்து."

தினமும் காலையில் வாசல் கேட் வரை நடந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வரும் தையல்காரர், அதன்பின் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அது வேறொரு நல்ல விளைவாகக் கருதப்பட்டது. கட்டிலில் கிடப்பவர்களின் துணி குறைவாகவே அழுக்காகிறது என்று நிர்வாகி கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்.

நுழைவாயிலில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தார்கள். கறைகளைக் காட்டும் சிவப்புக் கோடு நாளுக்கு நாள் இறங்கியது. சின்னவள் கறை என்று உறுதி செய்தால்தான் அது கறை; அவள் உறுதி செய்வதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கோடு தரையைத் தொட்ட அன்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அதுவும் வெந்நீரில் செய்த இனிப்புதான். மறுநாள் சலவை அறைக்குச் சோப்பு வரவில்லை.

பெரியவள் மேலே போய்க் கேட்டாள்.

"கறையே இல்லைன்னு ஆனப்புறம் சோப்பு எதுக்கும்மா?" என்றார் நிர்வாகி. "நீங்க சோப்பு கேட்டா, கறை இருக்குன்னு அர்த்தமாயிடும். அப்புறம் அந்தக் கோட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அழுக்கு இருக்குமே சார்?"

"அழுக்கைப் பத்தி நமக்கு இன்னும் வழிகாட்டுதல் வரலை."

அவர் பின்னாலிருந்த கண்ணாடிச் சன்னல் வழியாகச் சின்னவள் தெரிந்தாள். வேறு இல்லங்களிலிருந்து வந்த நிர்வாகிகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குடிக்க நீர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவளுக்கு உள்ளே என்னவோ பற்றி எரிந்தது. அந்தக் கோட்டை எப்படியாவது மேலே ஏற்றிக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டே படியிறங்கினாள்.

மாலையில் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய புட்டியாகப் பார்த்து வலித்தைலம் வாங்கினாள். இரக்கப்பட்டு வாங்கினாள் என்று சொல்லிவிட ஆசைதான். கடைக்காரரிடம் அவள் கேட்டது, "இதுல எது துணியில நல்லா ஒட்டும்?" என்று.

மறுநாள் தையல்காரரின் போர்வைக்குள் புட்டியைச் செருகினாள்.

"தாராளமா தேயுங்க தாத்தா. துண்டு சொட்டச் சொட்டத் தேயுங்க."

"நிர்வாகி பாத்துட்டா?"

"பாக்கட்டும். பாக்கணும்."

தையல்காரரின் கண் கலங்கிவிட்டது. "நீ எனக்கு மகளா பொறந்திருக்க வேண்டியவம்மா."

"அதெல்லாம் அப்புறம் பொறந்துக்கலாம். மொதல்ல முட்டிக்குத் தேயுங்க."

தையல்காரர் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. புட்டி அன்றே கட்டில் கட்டிலாகப் பயணம் போனது. பெரியவள் மறுபடி வாங்கி வந்தாள்; அதுவும் போனது. இல்லமெங்கும் கற்பூர மணம் கமகமத்தது. மடங்காத கால்கள் மடங்கின. பூட்டிக்கிடந்த சீட்டுக்கட்டு வெளியே வந்தது. போகிற வழியெல்லாம் முதியவர்கள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லா இரும்மா" என்றார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவளுக்கு வேண்டியது வாழ்த்து இல்லை, கறை.

கறை வந்தது. கறை ஒழிந்ததைக் கொண்டாட வைத்த விழா அன்று காலையில் துண்டுகள் எண்ணெயில் தோய்ந்து, கண்ணாடித்தாள் போல வெளிச்சம் ஊடுருவ, கூடை கூடையாக இறங்கி வந்தன. தலைவர் அன்றைக்குத்தான் வெளியிடத்து விருந்தினர்களோடு வருகிறார். சின்னவளுக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார். பெரியவள் கூடைகளை ஒருங்கிணைப்பாளர் அறை வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டினாள்.

"உறுதி பண்ணுங்கம்மா" என்றாள். ஓரகத்தியை அவள் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

சின்னவளின் முகம் வெளிறியது. பூதக்கண்ணாடியை அவள் எடுக்கவே இல்லை; போய் நிர்வாகியைக் கூட்டிவந்தாள். நிர்வாகி ஒரு துண்டை விரல் நுனியால் தொட்டார். விரல் வழுக்கியது.

"இது ஈரம்" என்றார்.

"எண்ணெய் சார்."

"ஈரம். காயவெச்சா போயிடும். காயவெச்சு, கூடத்து அலமாரியில அழகா அடுக்குங்க. தலைவர் தெறந்து காட்டப் போறாரு. நேரமாச்சு, ஓடுங்க."

பெரியவள் துண்டுகளை வெறும் நீரில் அலசி, உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, சூட்டை முழுக்க ஏற்றினாள். எண்ணெய் போகாத துணியை ஆறவிடாமல் அடுக்கக் கூடாது என்று இயந்திரத்தின் பக்கத்திலேயே படம் போட்டு ஒட்டியிருந்தது. சின்னவள் வேலைக்கு வந்த புதிதில் பெரியவளே அதைக் காட்டி எச்சரித்திருக்கிறாள். தெரிந்துதான் செய்தாள். கை பொறுக்காத சூட்டோடு எடுத்துப் போய், முழங்கையால் அழுத்தி அழுத்தி, அலமாரி கொள்ளுமட்டும் திணித்தாள். தலைவர் திறக்கும்போது எண்ணெய்ச் சிக்கு நாற்றம் குப்பென்று அடிக்க வேண்டும். விருந்தினர்கள் மூக்கைப் பொத்த வேண்டும். சின்னவள் தலையைக் குனிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு. அடைபட்ட சூட்டில் எண்ணெய்த் துணி தானாகவே பற்றிக்கொள்ளும் என்று அவள் நினைக்கவில்லை.

விழாவில் தலைவர் நன்றாகப் பேசினார்.

"எண்ணெய் என்றால் என்ன? ஒழுக்கமின்மையின் திரவ வடிவம்! இதை என்னிடம் சொன்னது யார்? எந்த அறிஞரும் இல்லை. நானே யோசித்தேன்."

அப்போது அலமாரியின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை நூலாகக் கிளம்பியது. தலைவர் அதைப் பார்த்தார். விழா ஏற்பாடு என்று எண்ணி நிர்வாகியை நோக்கிப் பாராட்டாகத் தலையசைத்தார். நிர்வாகியும் பணிவாகத் தலையசைத்தார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் அலமாரிக் கதவு கறுத்து, திரைச்சீலைக்குத் தீ தாவிவிட்டது.

முதியவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். தைலம் ஏறிய கால்கள் சொன்னபடி கேட்டன. தையல்காரர் நடக்க முடியாத பாட்டி ஒருவரைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு பக்கவாசல் வழியாக இறங்கினார். கரண்டி இழந்தவர் இன்னொருவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். மேடையில் இருந்தவர்கள்தான் தாமதம். தலைவருக்கு முன்னால் யாரும் வெளியேறக் கூடாது. சிறப்பு விருந்தினருக்கு முன்னால் தலைவர் வெளியேறுவது மரியாதை இல்லை. நீங்க போங்க, நீங்க போங்க என்று இருமிக்கொண்டே வாசலில் நின்றார்கள். காவலாளி தீயணைப்பானோடு உள்ளே ஓடிவந்து, இரண்டு தரப்பையும் சேர்த்து வெளியே தள்ளினார்.

பெரியவள் முற்றத்துக்கும் கூடத்துக்குமாகப் பைத்தியம் பிடித்தவள் போல ஓடினாள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். குளியலறைகளைத் தட்டித் திறந்து பார்த்தாள். தொண்டை கமறிக் கண் எரிந்தது. எல்லாரும் வெளியே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தாள். இனி யாரைப் பார்த்தும் பொறாமைப்பட மாட்டேன் என்று அந்த நேரத்தில் அவள் மனதார நினைத்தாள்.

தீ அணைந்தது. அலமாரியும் திரைச்சீலைகளும் கூடத்தின் ஒரு சுவரும் போயின. யாருக்கும் காயமில்லை. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முற்றத்திலிருந்த கல் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே! கலங்காதீர்கள். உண்மையைப் பாருங்கள். இந்த நிமிடத்தில் நம் இல்லத்தில் எண்ணெய்க்கறை படிந்த துண்டு ஒன்றாவது இருக்கிறதா? இல்லை! எந்த இல்லமும் எட்டாத நிலையை நாம் எட்டிவிட்டோம். இதைச் சாதித்த நம் ஒருங்கிணைப்பாளரை மேடைக்கு... பெஞ்சுக்கு அழைக்கிறேன்."

சின்னவள் கரி படிந்த முகத்தோடு ஏறினாள். கேடயத்தை வாங்கினாள். விருந்தினர்கள் தட்டினார்கள். சற்று முன் எங்கோ ஓடிப்போயிருந்த பொறாமை, அந்தக் கைதட்டலைக் கேட்டதும் மூச்சிரைக்கத் திரும்பிவந்து பெரியவளின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சட்டைக்கு வந்த பேரைப் பறித்தாள். பொறுத்துக்கொண்டேன். இதையுமா?

"அந்தத் தீ என்னோடது!" என்று எழுந்து கத்தினாள் பெரியவள். "அவ ஒண்ணும் செய்யலைங்க. தைலம் வாங்கிக் கொடுத்தது நான். சூட்டோட அடுக்கினது நான். எல்லாம் நான்தான்!"

தலைவர் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி பெரியவளிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அம்மா, அடுத்தவங்க சாதனையில இப்படிப் பங்கு கேக்கறது நல்ல பழக்கமில்லை."

"சாதனை இல்ல சார். தப்பு! நான் செஞ்ச தப்பு!"

"தப்புன்னு ஒண்ணு நடந்திருந்தா நாங்க அறிவிச்சிருப்போமே."

தலைவர் பெஞ்சிலிருந்தே அவளைக் கனிவோடு பார்த்தார். "பாவம். பொறாமை என்பது மனசில் படிந்த எண்ணெய். இந்த அம்மாவுக்கும் நாம் உதவ வேண்டும்."

உதவி உடனே ஏற்பாடானது. பெரியவளை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் தீயைப் பற்றி எழுதவேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை கறை ஒருங்கிணைப்பாளரிடம் மனநல ஆலோசனைக்குப் போகும்படி அவளுக்கு உத்தரவு வந்தது. இதற்கிடையில் தீயைக் கேள்விப்பட்ட நன்கொடையாளர்கள் புத்தம்புது துண்டுகள் அனுப்பினார்கள். பயன்படுத்தினால் கறை படும் என்பதால் அவை கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டன. முதியவர்கள் குளித்துவிட்டு வெயிலில் நின்று காய்ந்தார்கள்.

முதல் ஆலோசனைக்குப் பெரியவள் விறைப்பாக வந்து உட்கார்ந்தாள். சின்னவள் கதவைத் தாழிட்டாள்.

"நிஜமாவே நீங்கதானா அக்கா?"

"ஆமா. தெரிஞ்சேதான் சூட்டோட திணிச்சேன். நாறும்னு நினைச்சேன். எல்லார் முன்னாடியும் உன் மானம் போகணும்னு நினைச்சேன். எரியும்னு நினைக்கல. உள்ள அத்தனை பேர் இருந்தாங்களேடி."

சின்னவள் குனிந்துகொண்டாள். "விழாவுக்கு முன்னாடி நான் அந்த அலமாரியைத் தெறந்து பாத்தேன்க்கா. உள்ள கைய வைக்க முடியல. கருகின வாசனை வேற."

"அப்புறம்?"

"மூடிட்டேன்."

"ஏண்டி?"

"அடுக்கினது நீங்கதானே. ஏதாச்சும் ஆனா உங்களைத்தான் கேப்பாங்கன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்னைப் பாத்தா எல்லாரும் எழுந்து நின்னு வணக்கம் சொல்றாங்க. உங்களைப் பாத்தா கையப் பிடிச்சுக்கறாங்க. அந்தத் தாத்தா உங்களைப் பெத்த பொண்ணுங்கறாரு. எனக்கு எரிஞ்சுது அக்கா. ஆனா இப்படி எரியும்னு நானும் நினைக்கல."

பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாரம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. பாதிதான் மிச்சம் என்று தோன்றிய அடுத்த கணமே முகம் சிவந்தது. ஊர் பார்க்க எழுந்து நின்று, அவமானப்பட்டு, என்னுடையது என்று சொன்னவள் அவள். இவளோ கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், பாதியைத் தன் பக்கம் இழுக்கிறாள்.

"இந்தாடி, நீ சும்மா கதவை மூடினவ. வெச்சது நான்."

"மூடலைன்னா பத்தியே இருக்காதுக்கா."

"சூடு யாரோடது?"

"அந்தச் சூட்டை உள்ள பூட்டினது யாரு?"

"எண்ணெய் நான் வாங்கினது!"

"சோப்பை நிறுத்தவெச்சது நான்!"

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நிர்வாகி, குரல்கள் உயர்வதைக் கேட்டு நின்றார். சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது என்று அவருக்குப் பட்டது. யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஓர் அட்டையைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு நடந்தார். உள்ளே ஓரகத்திகள் இருவரும் தீயைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக்குக் குறைவாக வாங்கிக்கொள்ள இருவருக்குமே மனமில்லை.